ஊட்டி குளிர்ல கார் எப்படிங்க சூடாகும்?

மே மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறி வந்தவங்களுக்குத் தெரியும், பர்லியார் தாண்டுனதும் வளைவுக்கு ஒரு கார் பானட்டைத் தூக்கிட்டு நிக்கும், உள்ள இருந்து புகை வரும், பசங்க ஓரமா நின்னு குரங்குக்கு பிஸ்கட் காட்டிட்டு இருப்பாங்க, வண்டிக்காரர் மட்டும் தலையில கை வச்சுட்டு நிப்பாரு. அங்க வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க. ஏசி போட்டதாலதான்னு ஒருத்தர், கூலன்ட்லாம் காசு பறிக்கிற வேலை பச்சத்தண்ணியே போதும்னு ஒருத்தர், தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டா ஜென்மத்துக்கும் ஹீட் ஆகாதுன்னு ஒருத்தர். கடைசியா எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்து நிப்பாங்க, "கீழ 40 டிகிரி வெயில்ல ஒண்ணும் ஆகலையே, இங்க ஸ்வெட்டர் போடுற குளிர்ல எப்படி சூடாச்சு?"

நல்ல கேள்விதான். நான் மெக்கானிக் இல்ல, 20 வருஷமா இந்த ரோட்டுல ஏறி இறங்குறவன், ஒரு தடவை 33,000 ரூபா பில்லையும் பக்கத்துல இருந்து பார்த்தவன், அந்த தகுதியில சொல்றேன்.

சூடு வெளிய இருந்து வர்றது இல்ல

தேயிலைத் தோட்டத்துல ஜனவரி மாசம் காலையில போய் பாருங்க. புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், நமக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடும், ஆனா இலை மூட்டையைத் தலையில வச்சுட்டு சரிவுல ஏறுற அக்காவுக்கு நெத்தியில வேர்வை வழியும். காத்து குளிரா இருக்கறதுக்கும் உடம்பு சூடாகுறதுக்கும் சம்பந்தம் கம்மி, சுமை எவ்வளவு, ஏத்தம் எவ்வளவுங்கறதுதான் கணக்கு. காரும் அப்படித்தான்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். சின்ன கார், அதுல 5 பேர், டிக்கி நிறைய பெட்டின்னு எல்லாம் சேர்த்து 1,300 கிலோன்னு வைங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850 மீட்டர் பக்கம். ஆக 1,300 கிலோவை ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கணும். அதுக்கு மட்டுமே 5 யூனிட் கரண்டுக்கு சமமான சக்தி வேணும், சமதளத்துல ஓட்டும்போது இந்தச் செலவே கிடையாது.

இதுல இன்னொரு விஷயம், பெட்ரோல் எரிஞ்சு வர்ற சக்தி மொத்தமும் சக்கரத்துக்குப் போறதில்ல. தோராயமா ஒரு பங்கு சக்கரத்துக்கு, ஒரு பங்கு சைலன்சர் வழியா புகையோட வெளிய, மீதி ஒரு பங்கு இன்ஜின் உலோகத்துலயே சூடா தங்கிரும். அதாவது சக்கரத்துக்கு 5 யூனிட் போச்சுன்னா இன்ஜினை சுத்துற தண்ணி கிட்டத்தட்ட இன்னொரு 5 யூனிட் சூட்டை எடுத்து வெளிய தள்ளியாகணும். 2,000 வாட்ஸ் கீசர் ரெண்டை நிறுத்தாம ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட விட்டா வர்ற சூடு அது, பானட்டுக்குள்ள.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: ஏத்தத்துல இன்ஜின் செய்யிற வேலையே அதிகம், அதனால சூடும் அதிகம், ஊரு குளிருங்கறது ரெண்டாவது.

டீ ஆத்துற மாஸ்டர்தான் ரேடியேட்டர்

கொதிக்கிற டீயை அப்படியே டம்ளர்ல வச்சா ஆற நேரமாகும். மாஸ்டர் ஒரு கையில கப்பு ஒரு கையில டபரான்னு தூக்கி நீட்டி ஊத்துவாரு, டீ மெல்லிசா நீளமா காத்துல விழும், பரப்பு அதிகமாகுது, காத்து படுது, சீக்கிரம் ஆறுது. காருக்கு முன்னாடி கிரில்லுக்குப் பின்னால இருக்கற ரேடியேட்டர் இதே வேலையைத்தான் செய்யுது. சூடான தண்ணியை ரொம்ப மெல்லிசான குழாய்கள்ல பிரிச்சு ஓட விட்டு, சுத்தி இருக்கற அலுமினியத் தகடுகள் வழியா காத்துக்குச் சூட்டைக் கடத்துறது.

அந்தத் தண்ணியை இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் மாத்தி மாத்தி சுத்த விடுறது வாட்டர் பம்ப். நடுவுல காவல்காரன் மாதிரி ஒரு வால்வு, அதுதான் தெர்மோஸ்டாட். இன்ஜின் குளிரா இருக்கும்போது மூடியே இருக்கும், தண்ணி 80 டிகிரியைத் தாண்டுனதும் மெல்லத் திறந்து ரேடியேட்டர் பக்கம் வழி விடும். (இதைக் கழட்டி வீசுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டீங்கன்னா காலையில ஊட்டியில இன்ஜின் சூடேறவே மாட்டேங்கும், ஹீட்டர் வேலை செய்யாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். டேஷ்போர்டுல நீல விளக்கு அணையவே அணையாது. எங்க ஊர்ல இப்படி ஓடுற வண்டி நிறைய உண்டு, கேட்டா "இதுவரைக்கும் ஹீட் ஆனதே இல்ல"ன்னு பெருமை வேற.)

தண்ணி சுத்துனா மட்டும் பத்தாது, காத்தும் வேணும். ஹைவேல 80ல போகும்போது காத்து தானா வந்து மோதும். மலையில முதல் கியர், ரெண்டாவது கியர்னு 15, 20 ஸ்பீடுல ஊர்ந்துட்டு இருக்கோம், முன்னாடி ஒரு பஸ்ஸு, அதுக்கு முன்னாடி ஒரு லாரி, அந்த லாரிக்காரரு 14 கொண்டை ஊசி வளைவுலயும் நின்னு நிதானமா திருப்புறாரு, இன்ஜின் மட்டும் உறுமிட்டு இருக்கு, காத்துக்கு வழியே இல்ல. இங்கதான் ரேடியேட்டருக்குப் பின்னால இருக்கற ஃபேன் மொத்த பாரத்தையும் சுமக்குது. கோயம்புத்தூர்ல ஒரு வருஷமா ஃபேன் கெட்டுப் போயிருந்தாலும் பைபாஸ்ல ஓட்டுறவருக்குத் தெரியாமலே இருக்கலாம், கல்லார் தாண்டுனதும் தெரிஞ்சிரும்.

ஏசி பத்தி சொன்னவர் முழுசா தப்பு சொல்லல. ஏசிக்கும் ஒரு ரேடியேட்டர் மாதிரி இருக்கு, கன்டென்சர்னு பேரு, அது இன்ஜின் ரேடியேட்டருக்கு முன்னாடி உக்காந்திருக்கும். ஏசி போட்டா வண்டிக்குள்ள இருக்கற சூட்டை எடுத்து நேரா ரேடியேட்டர் மூஞ்சியில ஊதுற மாதிரி. நல்ல கண்டிஷன்ல இருக்கற வண்டி இதைத் தாங்கும். ஏற்கனவே தள்ளாடுற வண்டியைத்தான் அது தள்ளி விடும்.

குக்கர் மூடி ரகசியம்

எனக்குப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஊட்டிக்குப் புதுசா குடி வந்தவங்க முதல் வாரமே சொல்ற புகார் என்னன்னா "அரிசி வேகவே மாட்டேங்குதுங்க". குக்கர் இல்லாம பருப்பு வேகுறது இங்க தவம். ஏன்னா மேல போகப் போக காத்தோட அழுத்தம் குறையுது, அழுத்தம் குறைஞ்சா தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். கணக்கு சுமாரா 300 மீட்டருக்கு 1 டிகிரி. சென்னையில 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி குன்னூர்ல 94லயே கொதிக்கும், 2,240 மீட்டர்ல இருக்கற ஊட்டியிலயும் 2,133 மீட்டர்ல இருக்கற கொடைக்கானல்லயும் 93 பக்கத்துலயே கொதிக்கும். தண்ணி கொதிக்குது, ஆனா சூடு பத்தல, அதான் அரிசி வேகல.

இப்ப காருக்கு வாங்க. இன்ஜின் நல்லா ஓடணும்னா உள்ள இருக்கற தண்ணி சாதாரணமாவே 90, 95 டிகிரியில இருக்கும், ஏத்தத்துல இன்னும் மேல போகும். அப்ப ஊட்டியில அது கொதிச்சே ஆகணும்ல? ஆகாது, ஏன்னா கார் கம்பெனிக்காரங்க நம்ம வீட்டு குக்கர் வேலையை அங்க செஞ்சு வச்சிருக்காங்க. ரேடியேட்டர் மூடி, சில வண்டியில பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் டேங்க் மூடி, வெறும் மூடி இல்ல. உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வாஷர் இருக்கு. வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல இன்னொரு மடங்கு அழுத்தத்தை உள்ள பிடிச்சு வைக்கும். அதனால தண்ணி கொதிக்கிற அளவு சமவெளியில 120 டிகிரி வரைக்கும் போகும், ஊட்டியில கூட 115 பக்கத்துல நிக்கும்.

அந்த ரப்பர் வாஷர் வெடிச்சிருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. குக்கர்ல கேஸ்கட் போன கதைதான், விசில் வராது, ஓரத்துல புஸ்ஸுனு ஆவி போகும். கீழ 100 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிச்ச வண்டி, மேல 93லயே கொதிக்க ஆரம்பிச்சிரும். இன்ஜின் சாதாரணமா ஓடுற சூடே அந்த அளவுதான்! ஆக வண்டி வழக்கத்தை விட அதிகமா சூடாகணும்னு அவசியமே இல்ல, தண்ணி கொதிக்கிற கோடு கீழ இறங்கி வந்து வண்டியைத் தொட்டுருச்சு, அவ்வளவுதான். குளிர் ஊர்ல கார் கொதிக்கிற மர்மத்துல பாதி இந்த மூடியிலதான் இருக்கு.

கொதிச்சா என்ன, தண்ணிதானேன்னு கேக்கலாம். கொதிச்சா குமிழி வரும், குமிழி இருக்கற இடத்துல உலோகத்தைத் தண்ணி தொடாது, ஆவி சூட்டை எடுக்காது, அந்த இடம் மட்டும் காஞ்ச சட்டி மாதிரி ஆயிரும். ஆவி வெளிய போகப் போக தண்ணி குறையும், குறைஞ்ச தண்ணி இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

கூலன்ட்டுங்கறது தண்ணியோட எத்திலீன் கிளைக்கால்னு ஒரு திரவத்தையும் துரு பிடிக்காம இருக்க சில மருந்தையும் கலந்தது. பாதிக்குப் பாதி கலந்தா கொதிக்கிற அளவு இன்னும் சில டிகிரி ஏறும், தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி ராத்திரி சைபருக்குக் கீழ போனாலும் உறையாது, போர் தண்ணி மாதிரி உள்ள வெள்ளை வெள்ளையா உப்பும் படியாது. அதனால "பச்சத்தண்ணியே போதும்"ங்கறது அவசரத்துக்கு சரி, வருஷக் கணக்குக்கு சரி இல்ல.

ரயில் பத்தி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்துல இருந்து 1899ல குன்னூர் வரைக்கும் வந்த நம்ம மலை ரயில் இன்னிக்கும் ஹில்குரோவ் ஸ்டேஷன்ல நின்னு தண்ணி பிடிக்குது, "அதுவும் நம்ம காரு மாதிரி ஹீட் ஆயிருச்சா"ன்னு என் பொண்ணு கேட்டா. நேர் எதிர். ரயிலுக்கு தண்ணி கொதிச்சாத்தான் ஓட்டம், காருக்கு தண்ணி கொதிக்காம இருந்தாத்தான் ஓட்டம்.

சுருக்கமா: உயரத்துல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், மூடி அதைத் தடுக்குது, மூடியோ தண்ணி போற ரப்பர் ஹோஸோ கசிஞ்சா தடுப்பு போச்சு.

350 ரூபா எப்படி 33,000 ஆச்சு

என் மச்சினன் திருப்பூர்ல இருந்து குடும்பத்தோட வந்துட்டு இருந்தான். காட்டேரி பக்கம் வரும்போது டேஷ்போர்டுல இன்ஜின் சூடு காட்டுற முள்ளு ஏறுதுன்னு போன் பண்ணான், நிறுத்துடான்னேன். "கொஞ்ச தூரம்தானுங் மாமா, குன்னூர் வந்து பாத்துக்கலாம்"னான். நடுவுல இன்னொரு போன், "மாமா, முள்ளு இறங்கிருச்சு, சரியாயிருச்சு!" எனக்கு அப்பவே வயித்தைக் கலக்குச்சு. அந்த முள்ளு காட்டுறது சென்சார் சொல்றதை, சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சரியா சொல்லும். தண்ணி மொத்தமா கொதிச்சு வெளிய போயிட்டா சென்சார் வெறும் ஆவியில தொங்கும், முள்ளு இறங்கும். ஆறிருச்சுன்னு நாம நினைப்போம், உள்ள இன்ஜின் வறுபட்டுட்டு இருக்கும்.

இன்ஜினோட மேல் பாதிக்கு ஹெட்னு பேரு, பெரும்பாலும் அலுமினியம். கீழ் பாதி பிளாக். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தகடு, அதுதான் ஹெட் கேஸ்கட். எண்ணெய் போற வழி, தண்ணி போற வழி, பெட்ரோல் எரியிற அறை, மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம பிரிச்சு வைக்கிறது அதுதான். அலுமினியம் அளவுக்கு மேல காஞ்சா அடுப்புல மறந்து விட்ட தவா மாதிரி வளைஞ்சிரும், வளைஞ்சா நடுவுல இருக்கற கேஸ்கட் வாய் விட்டுரும், மூணும் கலந்துரும். டிப் ஸ்டிக்கை உருவிப் பாத்தா ஆயில் பால் காபி கலர்ல இருக்கும், சைலன்சர்ல ஒரு மாதிரி இனிப்பு வாடையோட வெள்ளைப் புகை வரும். காலையில மஞ்சு நேரத்துல எல்லா வண்டியும் கொஞ்சம் வெள்ளையா விடும், அதைப் பாத்து பயப்படாதீங்க, வண்டி சூடானதுக்கு அப்புறமும் நிக்காம வந்தாத்தான் பிரச்சனை.

வண்டியைத் தூக்கிட்டுப் போற வண்டிக்கு 5,500. முதல்ல பாத்த ஒர்க்‌ஷாப்ல வெளிய நின்னே பாத்துட்டு இன்ஜினே மாத்தணும், லட்சத்தைத் தொடும்னாங்க. வேற ஒருத்தர்கிட்ட போனோம், அவர் ஹெட்டை இறக்கி லேத்துல கொடுத்து ஃபேஸிங் பண்ணாரு, அதாவது வளைஞ்ச பரப்பைச் சீவி சமமாக்குறது, அது 2,500. கேஸ்கட் செட் 4,500, வாட்டர் பம்ப் 2,700, தெர்மோஸ்டாட், ஹோஸ், மூடி சேர்த்து 2,800, ஆயில் கூலன்ட் 4,000, கூலி 11,000. கூட்டிப் பாருங்க, 33,000. ஆரம்பத்துல கசிஞ்சது அந்த மூடி மட்டும்தான்னு பிரிச்சுப் பாத்து காட்டுனாரு. மூடி விலை 350.

வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊரு இந்த ரேட் மாறும், ஆனா படிக்கட்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மூடி, கிளாம்ப் இதெல்லாம் நூறுகள்ல முடியும். ஃபேன் மோட்டார், பம்ப், ரேடியேட்டர்னு போனா ஆயிரங்கள். ஹெட்டை இறக்குனா பத்தாயிரங்கள். பிஸ்டன் வரைக்கும் பிடிச்சிருச்சுன்னா அந்த லட்சப் பேச்சு உண்மையாவே வந்துரும். எந்தப் படியில நிக்கறோம்ங்கறதை நம்ம வண்டி முடிவு பண்றதில்ல, முள்ளு ஏறுனதுக்கு அப்புறம் எத்தனை நிமிஷம் ஓட்டுனோம்ங்கறது முடிவு பண்ணுது.

ஒர்க்‌ஷாப்ல ரெண்டு விஷயம் கேளுங்க. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி கூலன்ட் லைனுக்கு பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, கைப்பம்பு மாதிரி ஒண்ணை மாட்டி காத்தடிச்சா எங்க கசியுதுன்னு தெரிஞ்சிரும். மாத்துன பழைய சாமானை எல்லாம் கையில குடுக்கச் சொல்லுங்க, நல்ல மெக்கானிக் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. இன்சூரன்ஸை நம்பாதீங்க, சாதாரண கார் பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுன் வராது.

வாசனையை வச்சு குழப்பிக்காதீங்க

மலையில "வண்டி ஹீட் ஆயிருச்சு"ன்னு சொல்ற பாதிப் பேரு வண்டியில இன்ஜின் ஹீட்டே ஆகியிருக்காது. ஏறும்போது வளைவுல பாதி கிளட்ச்ல நிறுத்தி வச்சு ஏத்துனா கிளட்ச் பிளேட் கருகுற நாத்தம் வரும். இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா சக்கரத்துப் பக்கம் இருந்து எரியிற வாடை வரும், இது இன்ஜின் சூட்டை விட ஆபத்து, பிரேக்கே பிடிக்காம போயிரும், அதனாலதான் எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்கன்னு சொல்றது. கூலன்ட் கசிஞ்சா மட்டும்தான் அந்த இனிப்பு வாடை.

ரோட்டுல நின்னுட்டா

முள்ளு ஏற ஆரம்பிச்சா முதல்ல ஏசியை அணைச்சிட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க. பைத்தியக்காரத்தனமா தெரியும், ஆனா ஹீட்டருங்கறதும் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உங்க மேல தள்ளும். ஜன்னலைத் திறந்துக்கோங்க. அப்படியே ஒதுங்க இடம் பாத்து நிறுத்துங்க, வளைவுல வேண்டாம். முள்ளு கடைசியைத் தொட்டாலோ சிவப்பு விளக்கு எரிஞ்சாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை உடனே அணைச்சிருங்க.

அப்புறம் செய்ய வேண்டியது ஒண்ணுதான், சும்மா இருக்கறது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். மூடியைத் தொடாதீங்க. விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பாங்களா? உள்ள 100 டிகிரிக்கு மேல சூடான தண்ணி அழுத்தத்துல நிக்குது, திறந்த நொடியே மூஞ்சியில பீச்சும். ஆறுனதுக்கு அப்புறம் துணியைப் போட்டு கொஞ்சமா திருகி, காத்து போனதும் முழுசா திறங்க. தண்ணியை மெதுவா ஊத்துங்க, சூடான இன்ஜின் மேல வெளிய இருந்து கொட்டவே கொட்டாதீங்க, காஞ்ச தவாவுல பச்சத்தண்ணி ஊத்துனா என்ன ஆகும்னு வீட்டுல கேளுங்க.

தண்ணிக்கு வெளியூர்க்காரங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கு, நினைச்ச இடத்துல ரெண்டு பாட்டில் வாங்கி ஊத்திக்கலாம்னு வராதீங்க. வழியில வாட்டர் ஏடிஎம் இருக்கு, ஆனா அது இருக்கற இடத்துலயா வண்டி நிக்கும். பழைய கூலன்ட் கேன்ல தண்ணி பிடிச்சு டிக்கியில போட்டுட்டு வாங்க. மேட்டுப்பாளையத்துல டிபன் சாப்பிடுறதுக்கு முன்னாடி இல்ல, காலையில வீட்டுல வண்டி எடுக்கறப்பவே, இன்ஜின் சில்லுனு இருக்கும்போதே மூடியைக் கழட்டி அந்த ரப்பரை ஒரு தடவை தடவிப் பாருங்க.

இன்னொண்ணு, சரிவுல நிறுத்துனா டயருக்கு அண்டக் கல்லு வைப்பீங்க, வைக்கணும். ஆனா வண்டி சரியான சந்தோஷத்துல கல்லை நடு ரோட்டுலயே விட்டுட்டுப் போறாங்க பாருங்க, ராத்திரி மஞ்சுல டூ வீலர்ல வர்ற எங்க ஊரு பசங்க அதுல ஏறி விழறாங்க. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமா போட்டுட்டுப் போங்க.